நாக்கைத் தூக்கிக் காட்டு

ரத்த நோய் டாக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

“இவர் மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறதில்லம்மா.”

அண்ணன் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்தவனில்லை. வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகும் நோய் அவனுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டால் போதும், வேலைக்குப் போகலாம், வயசாகிச் சாகலாம் என்று இதே டாக்டர்தான் தைரியம் சொல்லியிருந்தார். சொன்ன மாதிரியே எண்ணிக்கை இறங்கியது. ஆனால் கடைசி மூன்று பரிசோதனைகளிலும் ஏறிக்கொண்டே வந்தது.

“ஒரு நாள்கூட விட்டதில்ல சார்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.”

டாக்டர் எழுதினார். பக்கத்தில் நின்றிருந்த தங்கை அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். ‘நோயாளி மருந்தை முறையாக உட்கொள்வதில்லை.’ எழுதி முடித்ததும் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் காவல் ஆரம்பித்தது. அண்ணி மாத்திரைப் பட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். காலையில் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள், அவன் விழுங்கும் வரை நகரவில்லை. அடுத்த தெருவில் இருந்த தங்கை சனி, ஞாயிறுகளில் வந்து முறை மாற்றிக்கொண்டாள். அவளுக்கும் ஆத்திரம்தான். கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கும்போது, வீம்புக்காகவோ பயத்தாலோ துப்பித் தொலைக்கிறானே என்ற ஆத்திரம்.

இரண்டாவது சனிக்கிழமை அவன் தண்ணீர் குடித்து முடித்ததும் அவள் சொன்னாள்.

“வாயத் தொற.”

“என்ன?”

“தொறண்ணா. நாக்கத் தூக்கிக் காட்டு.”

நாற்பத்தெட்டு வயசு ஆள் வாயைத் திறந்தான். நாக்கைத் தூக்கினான். அங்கே ஒன்றும் இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அலமாரியிலிருந்த தகர டப்பாவைத் திறந்து இன்னொரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“அது என்ன?”

“நெஞ்செரிச்சலுக்கு. இதுக்கும் நாக்கத் தூக்கணுமா?”

அவள் டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தாள். இரைப்பையில் அமிலம் ஊறாமல் அடைக்கிற மாத்திரை. ஒரு நாள் போட்டால் மறுநாள் வரை வேலை செய்யும் வகை. ஏழு மாதத்துக்கு முன், அதே ஆஸ்பத்திரியில் ஒரு மாடி கீழே இருக்கும் வயிற்று டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தது. நன்றாகக் கேட்டதால் அண்ணி தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் இரண்டையும் ஒரே பையில் போட்டுத்தான் கொடுப்பாராம்.

தங்கை டப்பாவையும் பூட்டி வைத்த பட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாத்திரை கம்பெனியில் கரைதல் பரிசோதனை அறையில் எட்டு வருஷமாக நிற்பவள் அவள். எது எதில் கரையும், எது கரையாது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அண்ணனின் மாத்திரைக்குள் இருப்பது மென்காரம் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஜாதி மருந்து கரைய வேண்டுமானால் அமிலம் வேண்டும். இரைப்பையில் கரைந்து, கரைந்த சூட்டோடு சிறுகுடலுக்குள் போக வேண்டும். அங்கே அமிலம் கிடையாது என்பதால் கரைந்தது மறுபடி தூளாகப் பார்க்கும். ஆனால் உடனே ஆகிவிடாது, கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குடல் சுவர் உறிஞ்சிக்கொள்வதுதான் ரத்தத்துக்குப் போகும். இரைப்பையிலேயே அமிலத்தை அடைத்துவிட்டால் கரைய ஏது வழி? மாத்திரை வந்த வழி தெரியாமல் உடம்பைக் கடந்து போய்விடும். இவன் ஏழு மாதமாக ஒழுங்காக விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

இதெல்லாம் தெரிந்த அவள்தான் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அண்ணனின் ரத்த நோய் மாத்திரை இரண்டோடு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு வேளையில் கண்ணாடி ஜாடிகளைப் பொருத்துவதைப் பார்த்து மேலாளர் வந்தார்.

“வெளி மாத்திரைய நம்ம மெஷின்ல போடக் கூடாதும்மா. அது ரூல்.”

“போடத்தான் போறேன் சார். மேல எழுதணும்னா எழுதிக்குங்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு ஜாடிகளும் உடம்புச் சூட்டில் இருந்தன. துடுப்புகள் சீராகச் சுற்றின. முதல் ஜாடியில் இரைப்பை அளவுக்கு அமிலம். மாத்திரை பத்தே நிமிஷத்தில் இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. அதில் சிறுகுடல் நீரின் காரத்தன்மைக்குக் கலந்து வைத்திருந்த திரவத்தை ஊற்றினாள். கால் மணி நேரத்துக்கு மேல் தெளிவாகவே நின்று, பிறகு மெல்ல மெல்லக் கலங்கியது. இரண்டாவது ஜாடியில் அமிலம் அடைபட்ட இரைப்பையின் நீர். மாத்திரை உடைந்ததோடு சரி. ஒரு மணி நேரம் சுற்றியும் தூள் தூளாகவே அலைந்தது. வடிகட்டி அளந்தால் பத்தில் ஒரு பங்குகூடக் கரைந்திருக்கவில்லை. அமிலத்தில் கரைந்ததில் கொஞ்சத்தை, காரத் திரவம் ஊற்றுமுன்பே ஒரு சீசாவில் எடுத்து வைத்திருந்தாள். இதில் கொஞ்சத்தை இன்னொரு சீசாவில் எடுத்து மூடினாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் முழுசாகக் கேட்கவில்லை.

“நீங்க லேப்ல வேலை பாக்கறீங்க. வைத்தியம் பாக்கல. ஜாடியும் உடம்பும் ஒண்ணில்லம்மா.”

“ஒண்ணில்லதான் சார். அதனாலதான் கேக்கறேன். வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு இவர ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

டாக்டர் கோப்பைத் திருப்பினார். மற்ற மருந்துகள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நர்ஸ் கையெழுத்தில் இருந்தது. தேதி முதன்முதலாக வந்த நாளுடையது. அப்போது உண்மையாகவே வேறு மருந்து இல்லை. பிறகு யாரும் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை.

“அது வெறும் வாயுக்குன்னு நெனச்சேன் சார்,” என்றாள் அண்ணி. “அதப் போய் மருந்துன்னு சொல்லணுமான்னு...”

தங்கை சீசாக்களை மேஜைமேல் வைத்தாள். ஒன்று தெளிந்த நீராக இருந்தது. மற்றதன் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. டாக்டர் இரண்டாவதை எடுத்து ஆட்டி, அது மறுபடி படிவதைப் பார்த்தார். கீழ் மாடிக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, அமிலம் அடைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். எரிச்சல் வந்தால், தினசரி மாத்திரையிலிருந்து மணிக்கணக்கில் இடைவெளி விட்டுக் குடிக்க வேறு மருந்தை எழுதினார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் சீட்டு கொடுத்தார்.

“சரி. மூணு மாசம் கழிச்சு வாங்க.”

அவள் எழுந்திருக்கவில்லை. “அந்த வரிய அடிங்க சார்.”

“எந்த வரி?”

“முறையா சாப்பிடறதில்லன்னு கோடு போட்டு எழுதினீங்களே, அது.”

“எழுதினத அடிக்கக் கூடாதும்மா. கோப்பு அது.”

“அப்ப பக்கத்துலயே எழுதுங்க. தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு வேற டாக்டர் இதப் படிச்சுட்டு இவர மறுபடியும் திருடன் மாதிரி பாக்கக் கூடாது.”

“வெளிய நிறைய பேர் காத்திருக்காங்க.”

“தெரியும் சார். நானும் இங்கயேதான் இருக்கேன்.”

கதவை இரண்டு முறை திறந்து பார்த்த நர்ஸ் இரண்டு முறையும் மூடிக்கொண்டாள். கடைசியில் டாக்டர் பேனாவை எடுத்தார். முகம் சிவந்திருந்தது. எழுதினார், கையெழுத்தும் போட்டார். ஆனால் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. அண்ணன் அவள் தோளைத் தொட்டு, போகலாம் என்று தலையசைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “நானே வாங்கிக் குடுத்தேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணன் அவளை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். பிறகு தங்கையிடம் வந்தான்.

“டாக்டர் என்ன நம்பல. அவருக்கு நான் யாரோ. நீ ஏன் நம்பல?”

அவள் போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மாதத்தில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த மூன்று மாதத்தில் ஏற ஆரம்பிக்கும் முன்பு இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல அண்ணிதான் போன் செய்தாள். தங்கை நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து கேட்டாள்.

“இன்னும் கோவமா இருக்கியாண்ணா?”

அவன் வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தான்.

“இருக்கு. கோவம் போனதும் சொல்றேன்,” என்றான். “இப்ப ஏறு, வீட்டுப் பக்கமாத்தான் போறேன்.”

அவள் ஏறிக்கொண்டாள்.