ஆறாவது தோள்

“அப்பா, குண்டு பொய் சொல்லுமா?” என்று அம்பாரோ சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். கவுதென்சியோ சிரிக்கவில்லை. “குண்டு சொல்லாதும்மா. அதைப் பாக்குற ஆள் சொல்லிடலாம்,” என்றார்.

இப்போது அவர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை போட்டுப் படுத்திருந்தார். அம்பாரோ காப்பிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கியபடியே வாசலைப் பார்த்தாள். அடக்கத்துக்கு நேரமாகிவிட்டது. தரையெல்லாம் வேர்க்கடலைத் தோல். பெட்டி வீட்டைவிட்டுப் போகும்வரை பெருக்கக் கூடாது.

“ஆபீஸ்லேருந்து யாரும் வரலையா?” என்றாள் பக்கத்து வீட்டு பெலாகியா.

“வருவாங்கக்கா.”

“எப்ப? ஒரு மலர்வளையம்கூட வரல. ஆயுசு பூரா அவங்களுக்குத்தானே கண்ணைக் கெடுத்துக்கிட்டாரு மனுஷன்?”

ரத்த சொந்தம் பெட்டியைத் தூக்கினால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும். செபுத் தீவில் படித்தவர்களும் இதை மீறுவதில்லை. அப்பா வேலை பார்த்த போலீஸ் தடய ஆய்வகத்து ஆட்களே தூக்குவார்கள் என்று தம்பி அர்செனியோ நம்பியிருந்தான். காலையில் போன் போட்டதில் ஒருவருக்குக் கோர்ட், ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர்கள் எடுக்கவே இல்லை. துக்கவீட்டில் சீட்டாட வந்த தெருக்காரர்களில் ஐந்து பேர் சம்மதித்தார்கள். மற்றவர்கள் வயசாளிகள். ஒரு தோள் குறைந்தது.

“வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னைக்கு போலீஸ் பேண்டே வந்து வாசிச்சிருக்கும்,” என்றான் அர்செனியோ.

“பெட்டி முன்னாடி நின்னு பேசாதேடா.”

“அவர் கேக்கணும்னுதான் இங்க நின்னு பேசுறேன்.”

துப்பாக்கித் தடயங்களில் கவுதென்சியோவின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒரு கடைக்காரரைச் சுட்ட வழக்கு வந்தது. உடலிலிருந்து எடுத்த குண்டையும், செலெஸ்தினோ என்ற படகுத் தச்சரின் நாட்டுத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்த குண்டையும் இரட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தார். ஒன்றின் கீறல் மற்றதன் கீறலோடு முடி பிசகாமல் சேர்ந்தது. அதைக் கோர்ட்டில் சொன்னார். செலெஸ்தினோ சிறைக்குப் போனார்.

பல வருஷம் கழித்து, வேறொரு வழக்கில் வேறொரு துப்பாக்கி அவர் மேசைக்கு வந்தது. அதிலும் அதே கீறல்கள். இரண்டு குழாய்களையும் ஒரே பட்டறையில், ஒரே கருவியால், அடுத்தடுத்துக் குடைந்திருந்தார்கள். அன்று அவர் பார்த்தது துப்பாக்கியின் அடையாளமே இல்லை. குடைந்த கருவியின் அடையாளம்.

யாரும் கேட்காமலே கோர்ட்டுக்குப் போய் அதையும் சொன்னார். செலெஸ்தினோ வெளியே வந்தார். அதன்பிறகு வக்கீல்கள் அவர் பார்த்த பழைய வழக்குகளையெல்லாம் தோண்டினார்கள். ஆபீசில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாமல் போனது. பணியின் கடைசிக் காலத்தை அவர் சாமான் அறையில் கழித்தார்.

வாசலில் சீட்டாட்டம் நின்றது. தலை நரைத்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பத்திரிகையில் பார்த்த அந்த முகத்தை அம்பாரோ அடையாளம் கண்டுகொண்டாள்.

“எதுக்கு வந்தீங்க?” என்றான் அர்செனியோ. “நிஜமாவே செத்துட்டாரான்னு பாக்கவா?”

“ஆமா.” செலெஸ்தினோ பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். “பாத்தாச்சு. தூக்க ஆள் குறையுதுன்னு காப்பிக்கடையில சொன்னாங்க.”

“நீங்க தூக்க வேணாம் அண்ணே,” என்றாள் அம்பாரோ. “உங்ககிட்ட கேக்க எங்களுக்கு முகமில்ல.”

“முகத்தை வெச்சு என்ன பண்றது? தோள்தானே வேணும். நான் எந்தப் பக்கம் நிக்கணும்?”

பெலாகியாதான் இடம் காட்டினாள். “இடது பக்கம், பின்னாடி. எதிர்ல டோமிங் நிப்பான். குள்ளன். அவனுக்காகக் கொஞ்சம் குனிஞ்சுக்கணும்.”

“நான் குள்ளனா? உன் புருஷனைவிட உசரம்,” என்றான் டோமிங்.

அர்செனியோ வெளியே போய்விட்டான்.

பெட்டிக்கு அடியில் கையைக் கொடுக்குமுன் செலெஸ்தினோ அம்பாரோவின் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதேம்மா. அது எனக்கு வரல, வேண்டிப் பாத்தும் வரல. நான் உள்ளே இருக்கும்போது எங்கம்மா போயிட்டா. என்னை அனுப்பல. யார் தூக்கினாங்கன்னு இன்னைக்குவரைக்கும் தெரியாது. ஆனா யாரோ தூக்கியிருக்காங்க இல்ல?”

“அம்மா பேரு என்ன அண்ணே?”

“அந்தோனினா. இதே கல்லறைத் தோட்டம்தான். பின்சுவர்ல, கீழ்வரிசை.”

பெட்டி எழுந்தது. பெலாகியா துடைப்பத்தை எடுத்தாள்.

குழியை மூடியபிறகு ஆபீஸ் டிரைவர் ஒருவன் மலர்வளையத்தோடு வந்தான். “போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க சார்,” என்றான். அர்செனியோ நின்றான். கண்ணில் தண்ணீர் வழிய, கேமராவைப் பார்த்து நின்றான்.

அம்பாரோ செலெஸ்தினோவைத் தேடினாள். அவர் ரோட்டில் ஒரு ஜீப்னி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

அடக்கத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போனால் சாவும் கூடவே வரும். எல்லோரும் சூப் குடிக்க முனையிலிருந்த சாப்பாட்டுக் கடைக்குக் கிளம்பினார்கள்.

“நீங்க போங்க. நான் வந்துடறேன்,” என்றாள் அம்பாரோ.

பின்சுவரில் பெட்டிகளை உள்ளே வைத்து மூடிய கல்லறை மாடங்கள், அடுக்கடுக்காக. பக்கத்தில் யாரும் இல்லை. கீழ்வரிசையில் முளைத்திருந்த புல்லை விலக்கி, மறைந்திருந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெயின்ட் உதிர்ந்த ஒன்றில் அந்தோனினாவின் பெயர் பாதி தெரிந்தது. அதன் முன்னால் மெழுகு சொட்டிய தடம் எதுவும் இல்லை.

தரையில் மண்டியிட்டாள். ஈரமண் கறுப்புப் பாவாடையில் ஒட்டியது. அப்பாவுக்காகச் சொல்லவென்று கொண்டுவந்த ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். முதல் மணியைப் பிடித்தாள். பிறகு அந்தோனினாவின் பெயரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினாள்.