பேனருக்கு முன்னால் நின்றவர்

திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் பாக்கியநாதனின் டெண்டர் கவரை அதிகாரி ஈஸ்வரி மேடம் பிரித்தபோது மணி பதினொன்றரை. புதுவாயலிலிருந்து பஸ் மாறி வந்த களைப்பு இன்னும் அவர் காலில் இருந்தது. அரசுத் துறைகள் கழித்துப்போட்ட ஜீப், லாரிகளை மூன்று வருடத்துக்கு ஏலம் விட்டுத்தரும் டெண்டர் அது. பதினெட்டு வருடமாக அந்த ஏலங்களில் கத்தியது அவர் தொண்டைதான். காண்டிராக்ட் மட்டும் ஏலக் கம்பெனி முதலாளி ஆதிநாராயணனுடையது. பாக்கியநாதன், அவர் கூப்பிட்ட நாளுக்குக் கூலி வாங்குகிறவர். ஐம்பத்திரண்டு வயதில், மனைவி சாராளின் பெயரில் ஓர் ஏலக் கம்பெனியைப் பதிவு செய்து, முதல்முறையாகச் சொந்தமாக டெண்டர் போட்டிருந்தார். இது போனால் சாகிறவரை கூலிதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். மனுஷன் யோசித்து யோசித்து, ஏலம் விட்ட போட்டோக்கள் இருபத்தாறைத் தேடி எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு இணைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஏதோவொரு வண்டியின் முன்னால் மைக்கோடு அவர்தான் நிற்கிறார். காயலாங்கடைக்காரர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஈஸ்வரி மேடம் பொறுமையாகப் புரட்டினார். “படத்துல இருக்கறது நீங்கதான் சார். பின்னாடி பேனர பாருங்க. ஆதிநாராயணன் சார் கம்பெனி பேரு. இருபத்தாறுலயும். இத வச்சி அவருக்குத்தான் மார்க் போட முடியும். உங்களுது தள்ளுபடி.”

பாக்கியநாதன் எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருடம் அந்தப் பேனருக்கு முதுகைக் காட்டியே நின்றவருக்கு அது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. ஆத்திரம்கூட வரவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆதிநாராயணனின் கவர். அதில் எல்லாம் கச்சிதம். ஒரு பக்கத்தில் மட்டும் மேடத்தின் பேனா நின்றது. “ஏலம் விடுபவர் பாக்கியநாதன், பதினெட்டு வருட அனுபவம்னு போட்டிருக்கீங்க. அவர் சம்மதக் கையெழுத்து எங்க? சாயந்தரத்துக்குள்ள வேணும். இல்லன்னா இதுவும் தள்ளுபடி. மூணாவதா டெண்டர் போட்டிருக்கற சென்னை கம்பெனிக்குத்தான் போவும்.”

சென்னைக் கம்பெனிக்கு ஆளும் வேண்டாம், தொண்டையும் வேண்டாம். ஏலம் முழுக்கக் கம்ப்யூட்டரில்.

ஆதிநாராயணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். “இன்னா பாக்கியம், எங்கைல ஒரு வார்த்த சொல்லாம டெண்டர் போட்டுக்கினியே. சரி உடு. இதுல ஒரு கையெழுத்து போடு.”

“நான் ஒரு லெட்டர் கேட்டிருந்தா நீ குட்த்திருப்பியாண்ணா? இத்தினி வருசம் ஏலம் உட்டது இவன்தான்னு?”

ஆதிநாராயணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.

பாக்கியநாதன் வாங்கிக்கொண்டார். தாளில் அவர் பெயர் ஒரு பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. ஏலத்தில் ‘மூணு தரம்’ என்று சொல்வதற்கு முன்னால் எப்போதும் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சு நேரம் கூட்டம் மொத்தமும் அவர் வாயையே பார்க்கும். இப்போது ஆதிநாராயணனும் ஈஸ்வரி மேடமும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.