தபீதாளை இடித்த காரை ஓட்டியவர்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, ரயிலில் ஒட்டுக்கேட்டது. 1993-ல், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், எனக்கு எதிர் சீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணும் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய ஊன்றுகோலை அவன் மடியில் வைத்திருந்தான். ஒரே பொட்டலத்திலிருந்து இருவரும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அக்காவும் தம்பியும் என்றே நினைத்தேன். ஊரப்பாக்கம் தாண்டும்போது அவள் சொன்னாள்:

"நீ ஓட்னன்னு கோர்ட்ல சொன்னா உனக்கு வர்ற வேல பூடும். நீ ஓட்டலன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் கெடைக்காது. நான் இன்னாதான் சொல்லட்டும், நீயே சொல்லு தம்பி."

அவன் கடலைத் தோலை ஊதினான். நான் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்க வேண்டியவன், இறங்கிவிட்டேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் நான் கட்டியது. பெயர்களும்தான்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்தி சாயும் வேளை, ஜனத்திரள் அலையலையாய்ப் பெருகி—"

வேண்டாம். சந்தையை வர்ணிக்க உட்கார்ந்தால் நான் லேசில் எழுந்திருக்க மாட்டேன். ரயிலில் பார்த்தவளுக்கு நான் வைத்த பெயர் தபீதாள்; அவள் அதுவரை ரோட்டோரத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது தொடக்கத்தைக் கோர்ட்டிலிருந்து கடன் வாங்கினேன். என் நண்பன் ஸ்ரீரங்கன் வக்கீல். அவனிடமிருந்த பழைய நஷ்டஈட்டு மனுக்களை வாங்கிப் படித்தேன். "மனுதாரர் சாலையின் இடது ஓரமாக மிகுந்த ஜாக்கிரதையுடன் நடந்து சென்றுகொண்டிருந்தபோது" என்ற வாக்கியம் எல்லாவற்றிலும் இருந்தது. இந்த மாவட்டத்தில் கார் இடித்த யாரும் ரோட்டைக் கடந்ததே இல்லை போலிருக்கிறது. [ஸ்ரீரங்கன் இந்த இடத்தைப் படித்துவிட்டு, "நீ மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறவனா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான்.]

ஆகவே மூன்றாவது தொடக்கம், நேராகவே.

தபீதாள் ரோட்டைக் கடந்துகொண்டுதான் இருந்தாள். கையில் முருங்கைக்காய்க் கட்டு, இடுப்பில் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் குடம். ஜி.எஸ்.டி. ரோட்டின் பாதிவரை வந்து, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றாள். நின்றவளை ஒரு பியட் கார் இடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது. குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உருண்டு போனதைப் பார்த்துக்கொண்டே அவள் மயங்கினாள்.

3

இப்போது காரை ஓட்டியவர்.

முதலில் இவரைக் கெட்டவராக எழுதினேன். தங்க மோதிரம், வெற்றிலைக் காவி, அதட்டல். படித்துப் பார்த்தால் எனக்கே சகிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

ஜெயவேலு அஸ்தினாபுரத்தில் நெல் பயிரிட்டவர். நிலத்தை மனை போட்டு விற்றபின், பழைய பியட் ஒன்று வாங்கி, தசரதன் என்பவனை டிரைவராக வைத்துக்கொண்டார். ரயிலில் கடலைத் தோல் ஊதியவன் இவன்தான். கொஞ்ச நாளில் ஜெயவேலுவுக்குத் தானே ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. முறையாகக் கற்றுக்கொள்வதென்றால் காரில் எல் போர்டு மாட்ட வேண்டும். தான் ஏர் ஓட்டிய இடத்தில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள் பார்க்க, தலை நரைத்த வயதில் எல் போர்டோடு போவதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. போர்டும் இல்லாமல் லைசென்ஸும் இல்லாமல், தசரதனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார். வெள்ளிக்கிழமை பல்லாவரம் பக்கம் வேண்டாம் என்று தசரதன் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை.

நடு ரோட்டில் தபீதாளைப் பார்த்ததும் அவருக்கு பிரேக் ஞாபகம் வரவில்லை. பின்னால் சாய்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இழுத்து, "ஓ... ஓ..." என்றார். மாட்டு வண்டியாக இருந்தால் நின்றிருக்கும்.

[இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கலாம். தபீதாளுக்கும் பிற்பாடு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அந்த "ஓ... ஓ..." ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் வலித்தது.]

அவளைத் தூக்கிக் காரில் கிடத்தியது ஜெயவேலுதான். வேட்டியெல்லாம் ரத்தம். அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டிப் போனது தசரதன். அவள் வார்டில் கிடந்த நாளெல்லாம் சாயந்திரமானால் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக வந்து கட்டிலோரம் நிற்பார் ஜெயவேலு. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். தபீதாளால் அவரை வெறுக்க முடியவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் இந்தக் கதை இத்தனை இழுபட்டிருக்காது.

ஆனால் அதே மனிதர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தசரதனைத் தனியாகக் கூப்பிட்டு, லைசென்ஸ் இருப்பது உனக்குத்தான், நீ ஓட்டியதாகச் சொல்லிவிடு, அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன் என்றார். சம்பளம் கொடுக்கிறவர் சொல்கிறார், தசரதன் தலையாட்டினான். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து தபீதாளிடமும் சொன்னார்.

"டிரைவர் ஓட்னான்னு சொல்லும்மா. இன்சூரன்ஸ்காரன் குடுப்பான், நல்லா வாங்கிக்கோ. அது யார் வூட்டுப் பணமோ."

எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டதாகத்தான் அன்று அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

4

[சட்டம் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.]

தபீதாளின் வக்கீலுக்கு ஸ்ரீரங்கன் என்றே பெயர் வைத்துவிட்டேன். சம்மதம் கேட்கவில்லை. அவர் அவளுக்கு விளக்கினார்: லைசென்ஸ் உள்ளவர் ஓட்டியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று தெரிந்தால் கையைக் கழுவிக்கொள்ளும். அப்போது ஜெயவேலுதான் தரவேண்டும் என்று கோர்ட் சொல்லும். ஜெயவேலுவின் சொத்தெல்லாம் மனைவி பேரிலும் மச்சான் பேரிலும் இருக்கிறது. அவரிடமிருந்து வாங்குவதற்குள் தபீதாளுக்கு ஆயுசு போதாது.

தொகை எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு காலுக்கு இது அதிகமா குறைச்சலா என்று நீங்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அந்தப் பணத்தில் அவள் என்ன செய்ய நினைத்தாள் என்பது போதும். தோல் கம்பெனியில் பகல் முழுக்க நின்று செய்கிற வேலை அவளுடையது. இனி நிற்க முடியாது என்று தெரிந்ததும் கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். புருஷன் சின்னப்பனின் வாட்ச்மேன் சம்பளம் மாதக் கடைசிவரை வருவதில்லை. ஒரு பெரிய கிரைண்டர் வாங்கிப் போட்டால், உட்கார்ந்தபடி மாவு அரைத்து விற்கலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். புதுசு புதுசாக வீடு வருகிற ஏரியா. மாவு போகும்.

ஆகவே தசரதன் ஓட்டினான் என்று சொல்ல அவள் தயாராகத்தான் இருந்தாள். பொய்தான். ஆனால் கால் உடைந்தது பொய்யில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

5

தசரதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தான். அவள் அப்போதுதான் கோயிலில் பூசை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கவர்மென்ட் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறாங்க. எம்ப்ளாய்மென்ட்லருந்து கார்டு வந்துகீது. ஆக்சிடென்ட் கேசு மேல கீதுன்னா எடுக்க மாட்டாங்களாம்."

அவ்வளவுதான் சொன்னான். போலீஸ் கேஸ் அவன் பேரில்தான் இருந்தது; அவன் ஓட்டவில்லை என்று அவள் கோர்ட்டில் சொன்னால்தான் அது விலகும். இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதே என்று ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்தான். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, வர்றேன்க்கா என்று போய்விட்டான்.

அன்று முழுக்க அவளுக்குக் கோபம். கேட்க வந்தவன் கேட்டிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம், கேட்காமல் போனவனை என்ன செய்வது என்று சின்னப்பனிடம் பொரிந்து தள்ளினாள். சின்னப்பன், உடைந்தது நம் கால், நாம் நம் கதையைப் பார்ப்போம் என்றான்.

"கால் நம்மளுதுதான். ஆனா அவனும் வாழ வேணாமா?" என்றாள்.

[கதாசிரியனாக எனக்குத் தசரதன் மேல் ஒரு சந்தேகம் உண்டு. அவன் கேட்காமல் போனது பெருந்தன்மையா, சாமர்த்தியமா? டம்ளரைக் கழுவி வைத்தது எதற்கு? அவனையே கேட்டுவிட—

கேட்டுப் பார்த்தேன். எனக்கும் கடலைத் தோலைத்தான் ஊதிக் காட்டினான்.]

6

முடிவுகள் எழுதினேன்.

ஒன்று. தசரதன்தான் ஓட்டினான் என்று கூண்டில் நின்று சொல்கிறாள். பணம் வருகிறது. கிரைண்டர் வருகிறது. பஸ் வேலை வேறு ஒருவனுக்குப் போகிறது. தசரதன் ஜெயவேலுவின் காரையே துடைத்துக்கொண்டு இருந்துவிடுகிறான். [உங்களில் பாதிப் பேர் இதுவே சரி என்பீர்கள். என் மனசும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.]

இரண்டு. கூண்டில் நின்று உண்மையைச் சொல்கிறாள். இன்சூரன்ஸ்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தசரதன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிறான். அவள் கோல் ஊன்றி வருவதைப் பார்த்தால் ஸ்டாப்பில் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துகிறான். அவளுக்குக் கிடைத்த நஷ்டஈடு அவ்வளவுதான்.

மூன்று. அவள் கூண்டில் தவித்து நிற்கும்போது ஜெயவேலு எழுந்து, "நான்தான் ஓட்னேன், என் சொத்த வித்தாவது குடுக்கிறேன்" என்று கை கூப்புகிறார். இதை எழுதும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதனால்தான் சந்தேகப்பட்டு அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

7

மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தபோது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. மூன்றிலும் கால் உடைந்தவளை நிற்க வைத்திருக்கிறேன்.

காரை ஓட்டியவர் ஒருவர். பக்கத்தில் இருந்தவன் ஒருவன். பொய்யைக் கட்டியது அவர்கள் இருவரும். அதைக் காப்பாற்றுவதா உடைப்பதா என்ற வேலையை மட்டும் இவளிடம் கொடுத்துவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஹார்லிக்ஸ் கொடுத்தார், ஒருவன் டம்ளர் கழுவினான். நல்ல மனிதர்கள்தான். ஆனால் வாயைத் திறப்பது மட்டும் அவள் பொறுப்பு. அவள் எதைச் சொன்னாலும் யாருக்கோ துரோகம் என்று நான் ஒரு கதை கட்டினேன். அவள் என்ன செய்வாள் பார்ப்போம் என்று நீங்களும் இதுவரை பக்கம் திருப்பியிருக்கிறீர்கள்.

அவள் சந்தைக்குப் போனவள். அவ்வளவுதான் அவள் செய்தது.

8

செங்கல்பட்டு கோர்ட். தபீதாளைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, கால் நோவுது. ஒக்காந்து சொல்லட்டுமா?" என்றாள். நீதிபதி தலையசைத்தார். ஒரு ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வந்து, காரை ஓட்டியது பெஞ்சில் இருக்கும் தசரதனா, வேறு யாராவதா, நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டார்.

அவள் தசரதனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஜெயவேலுவைப் பார்த்தாள். அவர் தோள் துண்டைச் சரி செய்தார்.

"ஐயா, எனக்குத் தெரியும், தெரியாதுன்னு சொல்லல. ஆனா நான் காருக்கு வெளிய இருந்தவ. அவங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க, இங்கதான் கீறாங்க. இடிபட்டதும் நானு, சொல்றதும் நானுன்னா அது நாயமா? மொதல்ல அவங்கள கேளுங்க. அவங்க சொல்லட்டும், அப்பால நான் சொல்றேன்."

[சாட்சி இப்படிப் பேச சட்டத்தில் இடமில்லை என்று ஸ்ரீரங்கன் ஓரத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறான். பேசிவிட்டாள். இனி நான் என்ன செய்ய?]

நீதிபதி அவளைக் கண்டிக்க வாயெடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, பெஞ்சுப் பக்கம் திரும்பினார். இன்சூரன்ஸ் வக்கீலும் திரும்பினார். கோர்ட்டே திரும்பியது.

இத்துடன் நான் நிறுத்திக்கொள்கிறேன். இருவரில் யார் எழுந்திருக்கிறார், என்ன சொல்கிறார், இருவருமே உட்கார்ந்தே இருந்துவிடுகிறார்களா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்பும் தொகையும்கூட உங்கள் இஷ்டம். அவளை மட்டும் மறுபடி எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.