ஐஸ் கம்பெனிக்கு அடுத்த வீடு

பழைய ஐஸ் கம்பெனியை இடித்துக்கொண்டிருந்த பொக்லைன் சத்தம் சட்டென்று நின்றபோது நான் அதற்கு எதிரே, லாரியின் பின்பக்கம் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இடிக்கிற இடத்தில் சத்தம் இருக்கிறவரை பயமில்லை. நின்றால்தான் என்னவோ ஏதோ என்று ஓடிப் பார்க்க வேண்டும். மிஷினில் உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர். அடுத்த வீட்டு வாசலில் எங்கள் இன்ஜினியர் நின்று இரண்டு கைகளையும் தூக்கி 'போதும்' என்று ஆட்டிக்கொண்டிருந்தார். நான் குதித்து இறங்கி ஓடினேன்.

கட்டடம் இடிபடுவதற்கு முன்னால் அதை நாலாபக்கமும் படம் எடுத்து வைப்பது என் வேலை. அதைவிட முக்கியம், ஒட்டியிருக்கிற வீடுகளுக்குள் போய்ச் சுவர், கூரை, தரை என்று ஒன்று விடாமல் எடுப்பது. எந்த விரிசல் முன்பே இருந்தது, எது எங்களால் வந்தது என்று பின்னால் வாய்ச்சண்டை வந்தால் என் படம்தான் சாட்சி. உலகமே அழகைத் தேடிப் படம் எடுக்கிறது, நான் ஓட்டை உடைசலைத் தேடி அலைகிறேன். கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரைத்தான் பார்ப்பாள் என்று வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் பண்ணுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் 'பூனை' என்பார்கள். மிஷின் கையை அவ்வளவு மெத்தென்று வைத்து எடுப்பார். ஆனால் பூனைக்கும் அடி சறுக்கியது. போன இடத்தில் ஒரு தூண் தப்பான பக்கம் சாய்ந்து பக்கத்து வீட்டு மாடிச் சுவரைப் பெயர்த்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. இருந்தாலும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் மிஷினை விட்டு இறங்கிக்கொள் என்று கான்ட்ராக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டில் கை வைத்தபடியே பக்கத்து வீட்டுச் சுவர் எப்படி இருக்கு என்று கேட்பார். இந்த வீட்டைப் பற்றிக் கேட்டபோது, "ஒரு கீறல்கூட இல்லைங்க, கண்ண மூடிட்டு இடிக்கலாம்" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

அது ஒரு தையல்காரம்மாவின் வீடு. முன் அறையே கடை, அதன் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல் ஐஸ் கம்பெனியின் சுவர். வேலை முடிகிறவரை அவரைத் தெருவின் அந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தோம். இன்ஜினியர் மட்டும் அவ்வப்போது உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது பார்த்தால் நீலச் சுவரில் ஒரு பாளம் பூச்சு பெயர்ந்து தையல் மிஷின் மேல் கொட்டிக் கிடந்தது. கூரையில் தொடங்கி அலமாரி மூலை வரை விரல் கனத்துக்கு ஒரு விரிசல்.

இன்ஜினியர் தன் போனில் என் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "பாருங்க அக்கா, நீங்க எடுத்ததுல சுவர் பளிங்கு மாதிரி இருக்கு. இது இன்னைக்கு வந்த விரிசல். நான் கான்ட்ராக்டருக்குச் சொல்லித்தான் ஆகணும்."

வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. என்னைப் பார்த்து, "ஒவ்வொரு கல்லாதான் எடுத்தேன். இந்தப் பக்கம் மிஷின சாய்க்கக்கூட இல்ல" என்றார். என் படமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நொந்துபோய்த் தோளிலிருந்த கேமரா பையை இறக்கினேன். அப்போதுதான் பையின் வாரில் இருந்த கறை கண்ணில் பட்டது. நீலக் கறை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஐஸ் கம்பெனி கேட்டில்தான் ஒட்டிக்கொண்டது என்று அதைத் திட்டித் தீர்த்திருந்தேன். ஆனால் அந்த கேட் முழுக்கத் துரு, பேருக்குக்கூட அதில் நீலம் கிடையாது. நான் பையோடு சாய்ந்து நின்று படம் எடுத்தது இந்த அறையில்.

எனக்குப் பின்னாலேயே தையல்காரம்மாவும் உள்ளே வந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"நான் வந்த அன்னைக்கு உங்க சுவர்ல பெயின்ட் காஞ்சிருந்துச்சாக்கா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இந்த அம்மா வாயைத் திறக்காமல் நிற்கிறாரே, அங்கே ஒரு மனிதனின் பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறதே என்று இருந்தது. "சொல்லுங்கக்கா. அவரு வேல போயிடும்" என்றேன்.

"போட்டோ எடுக்க வர்றாங்கன்னு சொன்னாங்க" என்று மெதுவாக ஆரம்பித்தார். "கிழிஞ்சத கிழிஞ்சபடியே யாராவது காட்டுவாங்களாம்மா? முந்தின நாளே பட்டி வச்சு அடைச்சு, பெயின்ட் அடிச்சேன்." ஐஸ் கம்பெனிப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் கட்டடத்துல இடிக்கணும்னு செவப்புல குறி போட்டுட்டுப் போனாங்கல்ல. இந்த விரிசலப் பாத்தா என் வீட்டுக்கும் போட்ருவாங்கன்னு பயந்துட்டேன். இத விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல. நான் இந்த வீட்டுக்கு வந்தப்பவே இருந்த விரிசல் இது. அப்ப பச்சை அடிச்சு மறைச்சேன். அப்புறம் ரோஸ்."

இன்ஜினியர் டார்ச்சை எடுத்தார். ஸ்டூல் போட்டு ஏறி விரிசலுக்குள் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரால் மெல்லச் சுரண்டினார். நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். விரிசலின் உள் ஓரத்தில் ரோஸ், அதற்கும் கீழே பாசி மாதிரிப் பச்சை. இன்னும் உள்ளேயிருந்து கறுத்துப்போன ஒட்டடை நூல் நூலாக வந்தது. அந்தச் சிலந்தியைக் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு. இன்ஜினியர் செங்கல்லைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"பழசுதான்" என்றபடி இறங்கினார். "கல்லு கெட்டியா இருக்கு. பூச்சுதான் விட்டுப்போயிருக்கு. வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது, குறியும் யாரும் போட மாட்டாங்க. மொதல்லயே சொல்லியிருந்தா நாங்களே முட்டுக் கொடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சிருப்போம்." ஆட்களைக் கூப்பிட்டுக் கூரையடியில் முட்டுக் கொடுக்கச் சொன்னார். போன் மறுபடி சட்டைப் பைக்குள் போனது.

வீட்டுக்காரர் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைக்கிற சாக்கில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தையல்காரம்மாவை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவர் வாசற்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "கோவிச்சுக்காதீங்க தம்பி" என்றதும் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோனது. "பசிக்குது" என்றார் வீட்டுக்காரர், தண்ணீரைக் குடித்துவிட்டு என்னிடம். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

முட்டுக் கொடுத்து முடித்ததும், அளவு தெரிகிற மாதிரி படத்தை மறுபடி எடுத்துவிடச் சொல்லிவிட்டு இன்ஜினியர் வெளியே போனார்; வீட்டுக்காரரும் மிஷினில் ஏறப் போனார். என் அளவுகோல் லாரியில் கிடந்தது. தையல்காரம்மா கழுத்திலிருந்த டேப்பை உருவினார். ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு துணிக்கு அளவு எடுக்கிற மாதிரி விரிசலின் தலைமாட்டில் அதை வைத்துப் பிடித்தார். உடனே இன்னொரு கையால் முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"நான் தெரிவேனா?"

"கை மட்டும்தான்க்கா தெரியும்."

"இருங்க" என்று விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். "இப்ப எடுங்க. விரிசல் நல்லா தெரியணும்."

பக்கத்துச் சன்னலுக்கு வெளியே பொக்லைன் உறுமிக் கிளம்பியது. எங்கள் இருவர் கண்களும் தானாக விரிசலுக்குப் போயின. மிஷின் கை மெதுவாக மேலே போனது, ஒரு கல்லை எடுத்துக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவர் கையிலிருந்து தொங்கிய டேப்பின் நுனி அசையவே இல்லை.