குனிகிற மலைக்கு எந்த இன்ஜின்?

சிலிண்டர்க்காரியின் வண்டியால் ஏற முடியாத உயரத்தை மலையே குறைத்துக்கொண்டது. அவள் ஓட்டியது ஒரு சின்ன ஏ.டி.வி. கரடுமுரடான பாதைக்கென்று நாலு தடித்த சக்கரங்கள் இருந்தாலும் இன்ஜின் என்னவோ தையல் மிஷின் அளவுதான். ஆக்சிஜன் சிலிண்டர்களைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் கிளம்பி, அடிவாரத்தில் வண்டி முக்க ஆரம்பித்தால் போதும், மலை ஒட்டகம் போல முன்னங்காலை மடக்கி மெல்லக் குனியும். உச்சியில் இருந்த மார்புநோய் விடுதியில் நர்சுகள் டம்ளர்களை ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவள் இறங்கி வந்து இன்ஜினை அணைத்ததும் மலை நிமிர்ந்துவிடும். ஒருமுறை நின்றுபோன வண்டியை ஊரே திரண்டு தள்ளியபோது அது அசைந்து கொடுக்கவில்லை. இன்ஜின் திணறினால்தான் அதற்கு இரக்கம் வரும்.

அந்த விடுதியில்தான் அவள் தம்பி படுத்திருந்தான். உயரத்துக் காற்று அவனுக்குப் போதவில்லை. கீழே எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் காலியில்லை. மலை குனிந்திருக்கும் நேரத்தில் மட்டும் மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரரோடு வம்புக்கு நிற்பான். வருஷா வருஷம் இன்ஜின் தேய்ந்தது, மலை இன்னும் தாழ்ந்தது, தம்பியின் வம்பும் நீண்டது. கடைசியில் இன்ஜினுக்குத் திணறவும் தெம்பில்லாமல் போய், பாதி வழியில் அணையத் தொடங்கியது. அணைந்தால் மலை எழுந்துவிடும், தம்பிக்கு மூச்சு அடைக்கும்.

மெக்கானிக் காதை வைத்துக் கேட்டார். “ஏம்மா, இதுக்கு உன் தம்பி இருமலே தேவலாம். இன்ஜினை உள்ளே குடைஞ்சு பெரிய பிஸ்டன் மாட்டினா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் கியர்பாக்ஸ் அழும். பேசாம வேற இன்ஜின் மாத்திடு. மலை ஏற எட்டுக் குதிரை வேணும், இதுல ஒரு கழுதைகூட இல்ல.”

“பெருசு போட்டா மலை குனியுமாண்ணே?”

“அது எதுக்குக் குனியணும்? நீதான் ஏறிடுவியே!”

வெள்ளோட்டத்துக்கு அவர் பெரிய இன்ஜின் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். வண்டி உறுமிக்கொண்டு பறந்தது. மேகங்கள் ஒதுங்கி வழிவிட்டன. மலை முழு உயரத்தில் நின்றது. தம்பியின் உதடுகள் நீலம் பூத்திருந்தன.

“அக்கா... இன்னிக்கு வண்டி... நல்லா ஓடுச்சா?”

“ரொம்ப நல்லாடா” என்றாள். சிலிண்டரை முழுசாகத் திருகித் திறந்துவிட்டாள்.

நேராகப் பட்டறைக்கு வந்தாள். “அண்ணே, இதைக் கழட்டுங்க. இருக்கிறதுலயே சின்னதா, புதுசா ஒண்ணு போடுங்க.”

“பூங்காவுல பசங்க ஓட்டுற வண்டியோட இன்ஜின்தான் இருக்கு. எறும்பைக்கூட இழுக்காதும்மா!”

“அணையாம திணறுமில்ல? அது போதும்.”

மறுநாள் காலை அந்த இன்ஜின் கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு அடிவாரத்தில் முட்டியது. மலை பார்த்தது. முழங்காலை மடக்கியது, வயிற்றைத் தரையில் வைத்தது, கன்னத்தையும் வைத்துப் படுத்தது. அவள் சிலிண்டர்களை இறக்கித் திரும்பி வந்து இன்ஜினை அணைத்தாள். மலை எழவில்லை. இத்தனூண்டு வண்டி நாளைக்கும் வருமே என்று யோசித்திருக்கும்.

அடுத்த வாரம் தம்பி சமதரையில் நடந்தே வீட்டுக்கு வந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று அக்காவோடு வம்பு இழுத்தான். மலை நிழல் விழாததால் கடைத்தெருவில் இப்போது சற்றுத் தாமதமாகத்தான் விளக்கேற்றுகிறார்கள்.