ஆமை செத்ததை யார் பார்த்தது?

என்னுடைய ‘நீலமணித் தீவு’ இரண்டாம் பாகம் 1962 மார்ச் மாதம் வெளிவந்தது. அன்றே புது நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு நான்கு பத்திகள் பிரித்தேன்: தேதி, படித்தவர் பெயர், சொன்ன கருத்து, நான் செய்ய வேண்டியது. நான்காவது பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்தால்தானே!

பகலில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு காகிதக் கிடங்கில் குமாஸ்தா வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் சிராங்கூன் சாலைக்கு அருகே ஆங்கில வகுப்பு. மற்ற மாலைகளில் கதை. முதல் பாகத்தில் ஓர் இளவரசி, ஒரு மாயத் தீவு, அவளை முதுகில் சுமந்து கடல் கடக்கும் ஆமைத்துரை என்ற கிழட்டு ஆமை. ஆமைத்துரைக்கு எதிலும் திருப்தி கிடையாது. அலை உயர்ந்தாலும் முனகும், தணிந்தாலும் முனகும். அதற்காகவே புத்தகம் விற்றது என்று பதிப்பாளர் சேக் தாவூது சொன்னார். இளவரசிக்காகத்தான் விற்றது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தனசேகரன் ஆங்கில நாவலாகப் படித்துத் தள்ளுகிறவன். முதல் பாகத்தை ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தான்.

“நல்லாத்தான் இருக்கு அமீன். ஆனா யாருமே சாகலையே? சாவு இல்லாத கதை சின்னப் புள்ளைங்களுக்குத்தான்லா.”

அந்த ஒரு வாக்கியம் ஆறு மாதம் என் காதில் கிடந்தது. அதனால் இரண்டாம் பாகம் ஏழாம் அத்தியாயத்தில் ஆமைத்துரையைக் கொன்றேன். பெரும்புயலில் இளவரசியைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிய ஆமையை அலை மூடிவிடுகிறது. இளவரசி மூன்று பக்கம் அழுகிறாள். எழுதும்போது நானும் கொஞ்சம் அழுதேன். இலக்கியம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நோட்டில் கருத்து எண் 1 என் அக்காளுடையது. பதுருன்னிசா லாத்தா அன்று எனக்கு வெறும் சோறும் பருப்பும் வைத்தாள். மீன் குழம்பு எங்கே என்று கேட்டேன்.

“ஆமையைக் கொன்னவனுக்கு மீன் வேற கேக்குதா?”

எண் 4, பஃபலோ ரோடு முடிதிருத்தக் கடைக்காரர். கத்தியை என் கழுத்தில் வைத்தபடி, “அந்த ஆமை உங்களுக்கு என்ன தம்பி பண்ணுச்சு?” என்று மெதுவாகக் கேட்டார். பதில் சொல்லக் கழுத்தை அசைக்க முடியவில்லை. எண் 9, நீ சூன் வட்டாரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரின் கடிதம்: “எட்டாம் அத்தியாயம் முதல் என் மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.” எண் 12, தனசேகரனேதான்.

“சாவு சரியாத்தான் இருக்கு. ஆனா ஆமை போனப்புறம் போரடிக்குதுலா.”

அவனை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சேக் தாவூதிடம் போய், மூன்றாம் பாகத்தில் ஆமையை எழுப்பிவிடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மையத்தை எடுத்து அடக்கிட்டு, மூணு பக்கம் அழுதுட்டு, இப்ப எந்திரிச்சு வான்னா வருமா? ஊர் சிரிக்கும் வாப்பா. ஜூன் கடைசிக்குள்ள மூணாம் பாகம் குடு. இல்லாட்டி முடியலேன்னு சொல்லிடு.”

முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் எண் 23 வந்தது.

தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து கடிதம். அச்சுப் போன்ற கையெழுத்து. கீழே பதினோரு கைநாட்டுகள். “தங்கள் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட மேல். ஆமைத்துரை கடலரசனின் அரண்மனைக்குப் போய், வருஷத்துக்குப் பதினாலு நாள் லீவு வேண்டும், ராத்திரி சுமைக்கு ஓவர்டைம் வேண்டும் என்று கேட்ட இடத்தில் எல்லோரும் கை தட்டினோம். கடலில் இருக்கும் ஆமைகள் அத்தனையும் வேலைநிறுத்தம் செய்து தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட இடத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டோம்.”

நான் அப்படி எதையும் எழுதவில்லை.

இருந்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. மதிய இடைவேளையில் கிடங்கில் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து என் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். கடலரசன் இல்லை. லீவு இல்லை. வேலைநிறுத்தம் இல்லவே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது வேறு வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்துப் போனேன். குடியிருப்பின் பின்புறம் தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் நாற்பது பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பலகைப் பெட்டியின் மேல் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மூக்குக் கண்ணாடியுடன், கையில் என் புத்தகம். முன்வரிசையில் காலில் மாவுக்கட்டுப் போட்டவர் ஒருவர் கால் நீட்டிக் கிடந்தார். நான் யாரென்று சொல்லாமல் கடைசியில் உட்கார்ந்தேன்.

அவர் படித்தார். ஆமைத்துரை உயிரோடு இருந்தது. கடலரசனின் மந்திரியான சுறாமீன் சமாதானம் பேச வந்தது. “முதல்ல வாயை மூடிட்டுப் பேசு, பல்லு பயமுறுத்துது,” என்றது ஆமை. பாயில் இருந்தவர்கள் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் குழாயடியில் அவரைப் பிடித்து என் பெயரைச் சொன்னேன். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெயர் மருதப்பன். கப்பலில் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவர். குடியிருப்பின் அந்தப் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். புத்தகத்தின் நடுவே தாள்கள் செருகியிருந்தன. எல்லாம் அதே அச்சுக் கையெழுத்து.

“தம்பி, வேணும்னு செய்யல. ஏழாம் அத்தியாயம் படிக்க வேண்டிய அன்னைக்குத்தான் தங்கராஜு கப்பல் கிடங்குல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியிலேருந்து வந்தான். ‘அண்ணே, ஆமைத்துரை என்ன சொல்லுச்சு, படிங்க’ன்னான். அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு அது செத்துப்போச்சுன்னு எப்படிப் படிக்கிறது? ஒரு நாள் மட்டும் மாத்துவோம்னு நெனச்சேன். அடுத்த வாரமும் ஆமை இருக்கணும்ல.”

“பிறகு எனக்கு ஏன் கடிதம் எழுதினீங்க? நீங்களே மாட்டிக்கிட்டீங்களே?”

“அவங்க சொல்லச் சொல்ல எழுதினேன். கடுதாசியில ஒரு எழுத்துக்கூட மாத்தக் கூடாதுல்ல.”

அப்போதுதான் விஷயம் புரிந்தது. நாற்பது பேருக்கும் ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்பவர் அவர்தான். பதில் எழுதுபவரும் அவர்தான். பிள்ளை பிறந்தது, நிலம் போனது, தாய் காத்திருப்பது எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் அவர்களுக்கு வந்திருக்கிறது.

“பதினாறு வருஷம் தம்பி. கெட்ட சேதியையும் அப்படியேதான் படிச்சிருக்கேன். கதையில மாத்தினேன்னு தெரிஞ்சா, கடுதாசியையும் மாத்தியிருப்பேன்னு நெனைப்பாங்க. நான் படிச்ச எதையும் நம்ப மாட்டாங்க.” கண்ணாடியைத் துடைத்தார். “மூணாம் பாகத்துல மட்டும் அதை உயிரோட விட்டுடுங்க. அது போதும்.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு, வாரம் இரண்டு மாலை, இதே குடியிருப்பில். தங்கராஜு பெயர் கொடுத்திருப்பதாக மருதப்பனே சொன்னார். கால் கட்டோடு சும்மா கிடக்கிறவர், தீபாவளிக்குள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். முதலில் எந்தப் புத்தகத்தை எடுப்பார் என்று யோசிக்கவே வேண்டாம்.

அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் எழுந்து சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

“அப்ப நானே சொல்லிடுறதுதான் சரி. அடுத்த ஞாயிறு. நீங்க பக்கத்துல நிக்கணும்.”

அந்த வாரம் முழுக்க நான் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி அடித்து எழுதினேன். வியாழக்கிழமை வகுப்பில் இலக்கண வாக்கியம் எழுதச் சொன்னபோது “The tortoise is dead” என்று எழுதிவைத்திருந்தேன். ஆசிரியர் சரி என்று குறி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மருதப்பன் பெட்டியின் மேல் உட்காரவில்லை, நின்றார். புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார்.

“இந்தப் புத்தகத்துல ஆமை ஏழாம் அத்தியாயத்துலயே செத்துடுது. மிச்சத்தை நான்தான் கட்டிப் படிச்சேன். ஆனா உங்க கடுதாசி எதையும் மாத்தினதில்ல. இவருதான் புத்தகம் எழுதினவரு. கேட்டுக்குங்க.”

நான் தாளை எடுத்தேன். அடித்து அடித்து எழுதியதில் எது முதல் வரி என்றே தெரியவில்லை.

“உட்காருங்கண்ணே,” என்றார் தங்கராஜு படுத்தபடியே. “எங்களுக்குத் தெரியும்லா.”

“என்ன தெரியும்?” என்றார் மருதப்பன்.

“இவருக்குக் கடுதாசி போட்ட மறுநாள், கம்பூன்றிக்கிட்டுத் தேக்கா பஃபலோ ரோட்டுக்கு முடிவெட்டப் போனேன். முடிதிருத்துறவரு அந்த ஆமைக்காக அழுவுறாரு. நான் என்னடா இதுன்னு வந்து இவங்ககிட்ட சொன்னேன். எல்லாரும் சேர்ந்து, அண்ணன் படிக்கிறதுதான் நல்லாருக்கு, யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பேசிக்கிட்டோம்.”

“அப்ப நான் படிச்ச கடுதாசியெல்லாம்…” என்று இழுத்தார் மருதப்பன்.

“கதையில நீங்களா சேர்க்கிறப்ப மூக்கைச் சொறிவீங்க,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “கடுதாசி படிக்கிறப்ப ஒரு நாளும் சொறிஞ்சதில்ல. எங்கம்மா செத்த கடுதாசியில கை அசையவே இல்ல. அது தெரியாமலா இத்தனை வருஷம் உங்க முன்னால உக்காந்திருக்கோம்?”

மருதப்பன் தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அடுத்து என் பக்கம் திரும்பினார்கள். விசாரணை தொடங்கியது.

“தம்பி, ஆமை செத்ததை யாரு பார்த்தது?” என்றார் தங்கராஜு.

“நான்தான்… எழுதினேனே.”

“எழுதினதைக் கேக்கல. இளவரசி கரையில நின்னா. அலை மூடுச்சு. அப்புறம்? பொணம் கரை ஒதுங்குச்சா?”

“இல்லை.”

“அண்ணே, கப்பல்லேருந்து எத்தனை மூட்டை காணோம்னு எழுதியிருப்பீங்க? மறுநாள் வேற கிடங்குல கிடைச்சதில்லையா?”

“நிறைய,” என்றார் மருதப்பன். முகம் தெளிந்துவிட்டது. “கண்ணால பார்க்காம ‘போச்சு’ன்னு எழுத மாட்டோம் தம்பி. ‘வந்து சேரல’ன்னுதான் எழுதுவோம். தேடுறதுக்கு வழி இருக்கும்.”

இத்தனை நாள் கண்ணில் படாத வழி! ஏழாம் அத்தியாயத்தை அங்கேயே உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஆமை இறந்தது என்று ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. இளவரசி அழுதாள், அவ்வளவுதான். அவள் அழுததால் நானும் நம்பிவிட்டேன். நோட்டைத் திறந்து நான்காவது பத்தியில் எழுதினேன்: “வேறு கிடங்கில் தேடுக.”

மருதப்பனிடம் அந்தத் தாள்களைக் கேட்டேன். கடலரசன், லீவு, வேலைநிறுத்தம், பல் பயமுறுத்தும் சுறா எல்லாம் மூன்றாம் பாகத்தில் சேர்ந்தன. முன்பக்கத்தில் அவர் பெயரையும் போட்டேன். அலை மூடியது என்றுதான் எழுதியிருந்தது, ஆமை செத்தது என்று யார் சொன்னது என்று நான் கேட்டபோது, சேக் தாவூது இரண்டாம் பாகத்தை எடுத்து அந்த இடத்தை மூன்று முறை படித்தார். பிறகு, “சாகாததுக்குப் படிச்ச எல்லாரையும் அழ வெச்சுட்டியேப்பா. சரி, எழுது,” என்றார். ஜூன் இருபத்தாறாம் தேதி கைப்பிரதி கொடுத்தேன். லாத்தா அன்று வஞ்சிரம் பொரித்தாள்.

அக்டோபரில் மூன்றாம் பாகத்தைக் குடியிருப்பில் படித்தார்கள். முதல் பக்கத்தைத் தங்கராஜு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். ஒருவரும் எழுந்து போகவில்லை. பிறகு மருதப்பன் வாங்கிக்கொண்டார். நான் நோட்டும் பேனாவுமாகக் கடைசி வரிசையில் இருந்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில், ஆமைத்துரை கடலரசனின் கிடங்குக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் இடத்தில், மருதப்பனின் கை மெல்ல மேலே போனது. மூக்கைச் சொறிந்தார். முன்வரிசையில் தங்கராஜு திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

என் பிரதி மடியில்தான் இருந்தது. திறந்து பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, ஆமை என்ன சொல்லப்போகிறது என்று காதுகொடுத்துக் கேட்டேன்.