வெறும் நடை

கடவுள் மனிதனுக்குக் கால்களைக் கொடுத்தது கலியார்தா என்ற துள்ளாட்டம் ஆடுவதற்கு மட்டுமே. நடப்பதெல்லாம் அதில் மிஞ்சிய உபரி. இத்தாலியின் பதுவா நகரில் சட்டம் படிக்கும், அல்லது படிப்பதாக அவன் அப்பா நம்பும், என் அறைத்தோழன் புரோஸ்தோச்சிமோவின் சித்தாந்தம் இது. கலியார்தாவில் அவன் எகிறினால் விளக்குகளுக்கு ஆபத்து. மெதுவான பாவானாவை அவன் நடனத்தில் சேர்ப்பதே இல்லை.

கார்னிவல் ஞாயிறு பிற்பகல், ஜவுளி வணிகர் ஒருவரின் கூடத்தில், புதுச் சிவப்புச் செருப்போடு நின்று அதை ஊருக்கே அறிவித்தான்.

"பாவானா ஒரு ஆட்டமாடா? மூட்டுவலிக்காரங்க கோயிலுக்குப் போற மாதிரி. வெறும் நடை!"

மாடத்திலிருந்து குழல்காரர் எட்டிப் பார்த்தார். "தம்பி, நீ குதிக்கிறதும் இதே மெட்டுக்குத்தான். நாங்க விரட்டி வாசிக்கிறோம், அவ்வளவுதான்."

"அப்ப முதல்லயே விரட்டுங்கண்ணே!"

சுவரோரம் கறுப்புடையில் ஃபியோர்தலீசா. கணவன் போய் ஓராண்டு. பக்கத்தில் பூட்டு மாதிரி அவள் கொழுந்தன் சுவானே. ஈஸ்டர் முடிந்ததும் அவளைக் கன்னிமாடத்தில் சேர்க்க அவன் ஏற்பாடு செய்துவிட்டான். அந்த ஜவுளி வணிகர் அவளுடைய தாய்மாமன் என்பதால்தான் இங்கே அழைத்து வந்திருந்தான். எங்கள் ஊரில் ஒரு விதவை, ஒருவன் கைபிடித்துக் கூடத்தை ஒரு முழுச் சுற்று வந்துவிட்டால் துக்கம் முடிந்தது. பிறகு அவளை யாரும் எங்கேயும் தள்ள முடியாது.

பாவானா தொடங்கியது. அவள் எழுந்தாள்.

"அண்ணி, உக்காருங்க. துக்கத்துல இருக்கறவங்க ஆடக் கூடாது."

"யாரு தம்பி ஆடப் போறா? சட்டம் படிச்சவரு, அதோ, அவரே சொல்லிட்டாரே, வெறும் நடைன்னு. நடக்கறதுக்கு என்ன தடை?"

கூடம் சிரித்தது. அவள் நடுவில் போய்க் கையை நீட்டினாள். ஜோடிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின.

"எவனாவது தொட்டுப் பாருங்க. எங்க ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க," என்றான் சுவானே.

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

புரோஸ்தோச்சிமோ என்னைப் பார்த்தான். "வாதம் என்னுதுதான், இல்ல?"

"உன்னுதேதான்."

போய்க் கையைப் பிடித்தான்.

பாதிச் சுற்று வந்திருப்பார்கள். சுவானே மாடத்தைப் பார்த்துக் கத்தினான்: "கலியார்தா வாசிங்கய்யா! அந்தப் பய காலு சும்மா இருக்குதான்னு பாப்போம். குதிச்சா அது ஆட்டம், அண்ணி! சுத்து செல்லாது!"

முரசு பிடித்துக்கொண்டது. அதே மெட்டு, மும்மடங்கு குஷியில். கூடமே எகிறியது. புரோஸ்தோச்சிமோவின் தோள் ஒருமுறை துள்ளியதை நான் பார்த்தேன்.

"முடியலேன்னா விட்டுட்டுப் போங்க," என்றாள் அவள். "மீதிய நானே நடந்துக்கறேன்."

அவன் இடது காலை வைத்தான். வலது காலைச் சேர்த்தான். நின்றான். மறுபடி இடது. மூட்டுவலிக்காரன் கோயிலுக்குப் போவது போல, முகவாயைத் தூக்கியபடி, துள்ளும் கூட்டத்துக்கு நடுவே, சுவானேயின் மூக்குக்கு முன்னால் அவளோடு மெல்லக் கடந்து போனான். சுற்று முடியும்வரை சிவப்புச் செருப்பு தரையை விட்டு எழும்பவே இல்லை.